பங்காளிகளைக் கேட்காமல் பழைய சாமானுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய சாமான் வாங்கி விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆடி மாதம் ஒரு வீட்டுச் சாமானை மொத்தமாகப் பேசி 1,50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். பணம் போனது, வண்டி வாடகையும் ஆள் கூலியும் போயின, இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாமானை விற்பதாகச் சொன்ன அதே ஆள் இப்போது மதுரையிலும் புதுச்சேரியிலும் கடைக்காரர்களுக்குப் போன் செய்து பேசுகிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். மனு விசாரணையில் இருப்பதால் அவர் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசியபோது குரலில் அவ்வளவு மரியாதை. "சென்னையிலேருந்து பேசறேன் அண்ணே. தேவகோட்டைப் பக்கம் எங்க ஐயா கட்டின வீடு. பார்த்துக்க ஆள் இல்ல, இடிச்சிடலாம்னு இருக்கோம். சாமானையெல்லாம் ஒரே ஆளா எடுத்துக்கிட்டா தேவலை" என்றார். மறுநாளே போனேன்.

நல்ல வீடு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளே வளவு என்கிற நடு முற்றம், அதைச் சுற்றி அறைகள், பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. இந்த வீடுகளின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒன்று என்று பிரித்துக் கொடுக்கப்பட்டவை. பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டாலும் அந்த அறையும் அதற்குள் இருக்கும் சாமானும் அந்தப் புள்ளிக்குத்தான், அதாவது அந்த மகன் குடும்பத்துக்குத்தான் சொந்தம். கல்யாணத்துக்கும், படைப்பு என்கிற முன்னோர் வழிபாட்டுக்கும் எல்லோரும் வந்து திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். ஆடியில் யாரும் வருவதில்லை. அவர் ஏன் ஆடியில் கூப்பிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான்கு அறைகளைத் திறந்து காட்டினார். மூன்றாவது அறைக் கதவில் நாதாங்கி பழையது, அதைப் பிடித்திருந்த ஆணிகள் மட்டும் புதியவை. மரத்தில் பெயர்த்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. பார்த்தேன். "சாவி தொலைஞ்சு போச்சுண்ணே, ஆசாரியை வெச்சுத் திறந்தோம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். 84 உருப்படி. பெட்டகம், ஊஞ்சல் பலகை, மரவை என்கிற மரப் பாத்திரம், அஞ்சறைப் பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ஜெர்மனி சுவர்க் கடிகாரம், சுவீடன் எனாமல் டிபன் கேரியர், அண்டா, தவலை, வெண்கலப் பானை, குத்துவிளக்கு. வளவுச் சுவரில் மேலே சாய்த்து மாட்டிய ரவிவர்மா அச்சகப் படங்கள் இரண்டு, லட்சுமியும் சரஸ்வதியும். பொட்டணத்தில் கட்டிய ஒரு உலோக அம்மன் சிலையையும் எடுத்துவந்தார். அதை நான் கையால் தொடவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கல், உலோகச் சிலைகளைப் பதிவு செய்திருக்க வேண்டும், கை மாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும். "பதிவுச் சீட்டு இருக்கா?" என்றேன். பேசாமல் திரும்பக் கட்டி உள்ளே வைத்தார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பித்தளைப் பாத்திரங்களை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. செட்டிநாட்டில் சீர் சாமான் எதிலும் விலாசம் வெட்டியிருப்பார்கள். குடும்பத்தின் முதலெழுத்துகள், சில வீடுகளில் பெண்ணின் பெயரெழுத்தும் சேர்ந்து, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியது. முதல் இரண்டு அறைச் சாமானில் ஒரு விலாசம், மூன்றாவது அறையில் வேறு விலாசம். கேட்டதற்கு, "அது எங்க அப்பத்தா பொறந்த வீட்டு விலாசம்ணே, அப்பத்தா சீரா கொண்டுவந்த சாமான்" என்றார். நம்பும்படி இருந்தது. அப்பத்தாவின் சீர் என்றால் அந்தத் தவலை எண்பது, தொண்ணூறு வருடமாவது பழையதாக இருக்க வேண்டும். அடியில் ஈயம் பூசின அடையாளமும் விளிம்பின் தேய்மானமும் அவ்வளவு வயது சொல்லவில்லை. முப்பது வருடமாக இதே வேலையாக இருக்கிறேன், எனக்கு அது தெரியும். நல்ல லாட் கைக்கு வந்த அவசரத்தில் கேட்காமல் விட்டேன்.

4,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அட்வான்ஸில் 50,000 போனிலேயே அனுப்பினேன். அட்வான்ஸின் மீதி ஒரு லட்சத்தை ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கேட்டேன். "வண்டி ஏத்தும்போது மொத்தமா போட்டுத் தரேண்ணே, எங்கே போயிடப் போறேன்" என்றார்.

எட்டாம் நாள் லாரியும் நான்கு ஆட்களுமாகப் போனேன். கடிகாரம் இல்லை, கண்ணாடி இல்லை, எனாமல் கேரியரும் இல்லை. "அக்கா ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. விலையில கழிச்சுக்கங்க" என்றார். மொத்த லாட் பேசுபவர்கள் எல்லோரும் இந்த வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டிருப்போம். விற்கிறவர்கள் இதை ஒரு தப்பாகவே நினைப்பதில்லை. 84 உருப்படிக்கு நாம் சொல்கிற விலையை எட்டு, பத்து நல்ல உருப்படிதான் தாங்குகிறது. மீதி உடைந்த நாற்காலியும் ஓட்டை அண்டாவும் அந்தப் பத்தோடு சேர்ந்து வருவதால்தான் வீட்டைக் காலி செய்துகொடுக்கச் சம்மதிக்கிறோம். பத்தில் மூன்றை உருவிவிட்டு அதன் விலையை மட்டும் கழித்தால் மிச்சத்துக்கு நாம் கொடுப்பது நஷ்ட விலை.

அப்புறம் படங்களைச் சுவரிலிருந்து இறக்கினோம். அதே தேக்குச் சட்டம், மூலையில் அதே கரையான் அரித்த இடம். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்ததும் லட்சுமி முகத்தில் ஏதோ ஒன்று ஒட்டவில்லை. லென்ஸ் வைத்தேன். நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன. இன்றைய ஆப்செட் அச்சு. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல், அதில் கைவேலைக்காரர்கள் வைத்த புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, கன்னத்தில் நெருங்கியும் புடவை மடிப்பில் விலகியும் இருக்கும். அடியோரத்தில் அச்சகத்தின் பெயரும் இருக்கும். எட்டு நாள் முன்னால் நான் பார்த்த படத்தில் அது இருந்தது. சட்டத்தின் பின்பலகையைப் பார்த்தேன், ஆணிகள் புதிது. படத்தை மட்டும் உருவிவிட்டுப் பத்திரிகைக் காகிதம் போல் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அவரிடம் கேட்டேன். "நீங்க பார்த்தது இதுதாண்ணே" என்று முகம் மாறாமல் சொன்னார்.

பேச்சு முற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு ஆச்சியும் அவர் மகளும் இறங்கினார்கள். எதிர்வீட்டு வாட்ச்மேன் போன் செய்திருக்கிறார். ஆச்சி யாரிடமும் பேசவில்லை. நேராக லாரிக்குப் போய், ஏற்றியிருந்த தவலை ஒன்றின் கழுத்தில் கையை வைத்து எழுத்தைத் தடவினார். "தம்பி, இது எங்க அப்பச்சி வெட்டிக் கொடுத்தது. எனக்குக் கல்யாணம் ஆனப்போ கும்பகோணத்துல சொல்லி வாங்கினாக. கடைசி எழுத்து என் பேரு" என்றார். அப்பச்சி என்றால் இங்கே அப்பா. ஆச்சி இந்த ஆளின் சித்தப்பா மனைவி. மூன்றாவது அறை அவருடையது. சிவகங்கையில் மகள் வீட்டில் இருக்கிறார்.

நான் ஏற்றிய அத்தனை பாத்திரத்தையும் அவர் முன்னாலேயே இறக்கினேன். ஒவ்வொன்றையும் இறக்கும்போது அது எந்த நாளில் எதற்குப் புழங்கியது என்று ஆச்சி மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பொங்கல் பானை, மகள் பிறந்தபோது வெந்நீர் வைத்த அண்டா. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த ஆள் இதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டேஷனில் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "விற்றவர் எழுதிக் கொடுத்த காகிதம் எங்கே?" திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு என்று வக்கீல் விளக்கினார். புது ஆணியும் இரண்டு விலாசமும் எனக்கு எதிராக நிற்கக்கூடிய காரணங்கள். ஆச்சியின் மகள், "இவர் தானா இறக்கிக் கொடுத்துட்டார்" என்று எழுதிக் கொடுத்ததால் நான் தப்பித்தேன். சீர் சாமான் பெண்ணின் முழுச் சொந்தம், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது, புகுந்த வீட்டில் கிடந்தாலும் அதில் வேறு யாருக்கும் பங்கில்லை என்றும் வக்கீல் சொன்னார். இத்தனை வருடத் தொழிலில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த ஆளோ போனில் வந்த 50,000 கைமாற்று என்கிறார், ஒரு லட்சத்தை வாங்கவே இல்லை என்கிறார். சி.எஸ்.ஆர். என்கிற போலீஸ் மனு ரசீது மட்டும் கையில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் நம்மைச் சோர்வாக்குகிறவர்கள் பலவிதம். இணையத்தில் எவரோ எழுதிவைத்த விலையைக் காட்டி, மூன்று முறை வரவழைத்துவிட்டுக் கடைசியில் விற்கமாட்டேன் என்பவர்கள் உண்டு. அழகாகக் களிம்பேறிய வெண்கல விளக்கைப் புளியும் பவுடரும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு, அவர்களிடம் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அனுமார் படம் போட்ட 1818ஆம் வருடக் கம்பெனி அரையணாவோடு வாரம் ஒருவராவது வருகிறார். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பழைய காசு, நோட்டை வாங்கி விற்பதாகச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. கோபுரக் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று யார் வந்தாலும் கடைக்குள் விடாதீர்கள். அது முழுக்க மோசடி.

ஆனால் பங்காளி சொத்தை விற்கிறவரால் வரும் கேடு வேறு. உண்மையிலேயே பணமுடையில், பிள்ளையின் காலேஜ் பீஸுக்காகத் தன் சொந்த அண்டாவைக் கொண்டுவரும் ஒரு அம்மாவையும் இப்போது நான் ஐந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒருவர் கண் கலங்கித் திரும்பிப் போனார். அது எனக்கு அந்த ஒன்றரை லட்சத்தைவிட வலிக்கிறது.

இப்போது நான் எந்தப் பூர்வீக வீட்டுக்குப் போனாலும் முதலில் பங்காளிகள் எத்தனை பேர், எந்த அறை யாருடையது என்று எழுதி வாங்குகிறேன். அத்தனை பேரிடமும் வீடியோ காலிலாவது பேசுகிறேன், மகள்களோடும் சேர்த்து. அக்கம்பக்கத்து வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கிறேன். விலாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தந்த விலாசத்துக்காரர் சொல்லாமல் தொடுவதில்லை. படம் இருந்தால் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் விற்பவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, பின்பலகையில் என் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டிவிட்டு வருகிறேன். ரொக்கம் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. விலை பேசிய அன்றே உருப்படிப் பட்டியலில் இருவரும் கையெழுத்து, ஒன்று குறைந்தாலும் பேச்சு ரத்து என்று அதிலேயே எழுதிவிடுகிறேன். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் வாங்குவதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த இரண்டு படங்களும் எங்கேயோ விலைக்கு வரும். சட்டம் இல்லாமல் தனித் தாளாக, அல்லது புதுச் சட்டத்தில். லட்சுமி படத்தின் வலது கீழ் மூலையில், தாமரை இலைக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தண்ணீர்க் கறை. சரஸ்வதி படத்தின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல், பின்னால் பழைய தமிழ்க் கணக்குத் தாள் ஒட்டித் தைத்தது போல் சரிசெய்திருப்பார்கள். ஆச்சியின் மாமனார் ரங்கூனிலிருந்து திரும்பியபோது வாங்கி மாட்டியவை அவை. உங்கள் கடைக்கு வந்தால் வாங்காதீர்கள், திருப்பியும் அனுப்பாதீர்கள். கொண்டுவந்தவரை உட்காரவைத்துவிட்டு நம் தெருவில் யாரிடமாவது சொல்லுங்கள், எனக்குத் தகவல் வந்துவிடும்.