பயோனிக் கைகள்: எது யாருக்கு?

பயோனிக் கை, அதாவது மோட்டாரில் இயங்கும் செயற்கைக் கை, வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை விதமாகப் பிடிக்கும்?" என்பதைத்தான். பீபயோனிக் என்ற மாடல் 14 விதமாகப் பிடிக்கும், ஐ-லிம்ப் குவாண்டம் என்ற மாடல் அதைவிட அதிகம். என்னைக் கேட்டால் இந்த எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டை விரலை. முன்கையில் மிச்சமிருக்கும் தசை சுருங்கும்போது எழும் சின்ன மின்துடிப்பை சாக்கெட்டில் (மிச்சக் கையில் மாட்டும் உறையில்) உள்ள எலக்ட்ரோடுகள் பிடித்து மோட்டாரை இயக்கும். இந்தக் கைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். பீபயோனிக்கில் விரல்கள் இப்படி மடங்கும். ஆனால் கட்டை விரலை டம்ளர் பிடிக்க ஒரு நிலைக்கும், சாவி பிடிக்க இன்னொரு நிலைக்கும் மற்றக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். ஒரு கை நன்றாக இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு கையும் இழந்தவருக்கோ ஒவ்வொரு முறையும் போராட்டம். குவாண்டமில் கட்டை விரலையும் மோட்டாரே திருப்பும். இரண்டு கையும் இழந்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தொடு உணர்வு. பெரும்பாலான பயோனிக் கைகளில் பிளாஸ்டிக் டம்ளர் நசுங்குவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் சயோனிக் நிறுவனம் செய்யும் அபிலிட்டி ஹேண்டில் விரல்களில் அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் விழுந்ததும் மிச்சக் கையில் அதிர்வு தெரியும். விலையுயர்ந்த கைகளுக்குள் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் என் தேர்வு இது.

குழந்தைகளுக்கு என்றால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான ஹீரோ ஆர்ம் என்ற கை. 3டி பிரிண்டிங்கில் செய்வது, 8 வயதிலிருந்தே கிடைக்கிறது, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. எடையை ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும்: சில நிறுவனங்கள் சாக்கெட்டையும் பேட்டரியையும் விட்டுவிட்டு கையின் எடையை மட்டும் சொல்வார்கள். தோளில் தொங்கப்போவது மொத்த எடை.

இவற்றோடு பழைய கேபிள் கையையும் வைத்துப் பார்க்காவிட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. 2016இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் அருகே நடந்த, மாற்றுத்திறனாளிகள் உதவிக் கருவிகளோடு மோதும் சைபத்லான் போட்டியில் செயற்கைக் கைப் பிரிவை வென்றது மோட்டாரே இல்லாத இந்த வகைக் கைதான். தோளை அசைத்தால் கேபிள் இழுபடும், பிடி இறுகும். எவ்வளவு இறுகுகிறது என்பது தோளுக்கே தெரிந்துவிடும். சார்ஜ் போட வேண்டியதில்லை. வியர்வையில் எலக்ட்ரோடு வழுக்கி, நினைக்காத நேரத்தில் கை திறந்துகொள்ளும் தொல்லையும் இல்லை. நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் தோளில் மாட்டும் வார் நாள் முழுக்க அக்குளை அறுக்கும், பார்வைக்கும் கை போல இருக்காது. பலர் இதை ஒதுக்குவது அதனால்தான், அந்த மனதைக் குறை சொல்ல மாட்டேன்.

வயலிலும் பட்டறையிலும் வேலை செய்பவருக்குக் கேபிள் கையைத்தான் சொல்வேன். பணமே தடை என்றால், மோட்டாரும் பேட்டரியும் இல்லாத எல்என்-4 என்ற எளிய கையை ரோட்டரி சங்கங்கள் இந்தியாவில் முகாம் நடத்தி இலவசமாகப் பொருத்துகின்றன. பக்கத்து ரோட்டரி சங்கத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.