சோலர் வயருக்கான கிறிம்பிங் குறடு: மூன்று வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் சோலர் வாட்டர் பம்ப் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்த தோட்டக்காரர்கள் பிறகு ஒவ்வொருவராகச் சோலர் பக்கம் வந்தார்கள். வேலை கூடியதும் இந்தக் குறட்டை வாங்கினேன். எம்.சி.4 என்பது சோலர் வயர்களை ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்ரிக் இணைப்பி. அதற்குள் இருக்கும் உலோகப் பின்களை வயரில் அழுத்திப் பிடிக்க வைப்பதற்கான, றச்செற் வைத்த சாதாரணக் குறடு இது. 2.5, 4, 6 சதுர மில்லிமீற்றர் வயர்களுக்கென்று, பின்னை அழுத்தும் அச்சில் மூன்று பள்ளம் உண்டு.

இந்தக் குறட்டின் நடுவில், பிடிகள் சேருமிடத்துக்கு மேலே, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கிறது. ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. சின்ன ஸ்குறூ ஒன்று அதை அசையாமல் பிடித்திருக்கும். முதல் ஒரு வருடம் அதை நான் தொட்டதே இல்லை. முழுதாக அமத்தும் வரை றச்செற் விடாது, அமத்தி முடிந்ததும் டக்கென்று திறக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மூட்டு சரி என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது முத்தையன்கட்டுப் பக்கத்துக் கச்சான் தோட்டம் ஒன்றில். நல்ல வெயில் காலம். தோட்டத்து ஐயா போன் எடுத்து, "தம்பி, காலமை நல்லா ஓடுது. பதினொரு மணிக்குப் பிறகு நிண்டு நிண்டு ஓடுது, கச்சான் வாடுது" என்றார். போய்ப் பார்த்தால் பனலில் பிழையில்லை, கொன்றோலரிலும் பிழையில்லை. சுவிட்சை நிற்பாட்டிவிட்டு வயர் மூட்டுகளைத் தடவிக்கொண்டு போனேன். ஒரு எம்.சி.4 மூட்டின் கறுப்புப் பிளாஸ்ரிக் இளகி, ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே இருந்த பின், லேசாக இழுத்ததும் வயரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. செப்பு இழைகள் கருகியிருந்தன. அது நான் அழுத்திய மூட்டு.

ஏன் மத்தியானத்தில் மட்டும்? வெயில் ஏற ஏறக் கரண்ட் கூடும். மூட்டில் தடை 0.1 ஓம் இருந்து 8 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் மட்டும் 6.4 வாட் சூடு. கேட்கச் சின்ன எண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் காற்றுப் போகாத விரலளவு பிளாஸ்ரிக் கூட்டுக்குள், ஒரு நாளைக்கு ஐந்தாறு மணித்தியாலம் அந்தச் சூடு நின்றால் என்ன ஆகும்? சூட்டில் செப்பு இன்னும் கறுக்கும், தடை இன்னும் கூடும். வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி அணைய இடம் கிடைக்கும். சோலர் பனலில் இருந்து வரும் நேர்க்கரண்டில் (டி.சி.) அந்த இடைவெளியே இல்லை. பொறி பிடித்தால் பிடித்தபடி எரியும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூட்டைக் கழற்றக் கூடாது என்று எல்லாத் தோட்டக்காரருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அன்று இரவு வீட்டில் குறட்டைப் பிரித்துப் பார்த்தேன். சுழல் ஆணி கொஞ்சம் தேய்ந்திருந்தது. செம்மண் புழுதி உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து அரைத்திருக்கிறது. பிடி முழுதாக மூடினாலும் அச்சின் இரண்டு பாதியும் முன்போல் நெருங்கவில்லை. ஸ்குறூவைக் கழற்றி, சக்கரத்தைக் கூட்டல் பக்கம் ஒரு பல் திருப்பி, ஸ்குறூவைத் திரும்பப் பூட்டினேன். செய்த வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு பல் போதுமா, இரண்டு வேண்டுமா என்பதைச் சக்கரம் சொல்லாது. பின்தான் சொல்லும்.

சரியாக அழுந்திய பின்னில், வயரைப் பிடிக்கும் இரண்டு தகட்டுக் காதும் உள்ளே சுருண்டு, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, இழைகளுக்குள் இறங்கியிருக்கும். காதுகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அழுத்தம் குறைவு. பின்னின் இரு விளிம்பிலும் கத்தி மாதிரி மெல்லிய தகடு பிதுங்கினால் அழுத்தம் அதிகம். அதிகமாக அழுத்தினால் நல்லதுதானே என்று நானும் ஒரு காலம் நினைத்தேன். அப்படி அழுத்தினால் உள்ளே இழைகள் அறுந்துவிடும், பின்னின் தகடும் வெடிக்கும். வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே பாதி வயர்தான் வேலை செய்யும். சந்தேகம் என்றால் ஒரு மூட்டை அரத்தால் குறுக்கே அராவிப் பாருங்கள். நல்ல அழுத்தத்தில் வட்டமான இழைகள் நசிந்து தேன்கூட்டு அறைகள் போல ஒட்டி நிற்கும், இடையில் ஓட்டை இருக்காது.

அப்புறம் இழுவைச் சோதனை. 4 சதுர மில்லிமீற்றர் வயருக்குச் சர்வதேசத் தரம் கேட்பது 310 நியூட்டன், ஏறக்குறைய 32 கிலோ. இதற்கு மெஷின் தேவையில்லை. மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் பின்னைக் கட்டி வயரை மெதுவாக இழுக்கிறேன். ஒரு பல் கூட்டியபோது 20 கிலோவிலேயே கழன்றது. இரண்டாவது பல்லில் 35 தாண்டியும் அசையவில்லை. மூன்றாவது பல்லில் வயர், பின்னின் வாயில் அறுந்தது. அதனால் இரண்டிலேயே நிறுத்தினேன்.

இன்னொன்று, வயரும் பின்னும் மாறினால் இந்த அளவும் மாறும். மலிவுப் பின்களின் தகடு மெல்லியது. வயரிலும் கவனம் வேண்டும். உண்மையான 4 சதுர மில்லிமீற்றர் சோலர் வயரில் பெரும்பாலும் 0.3 மில்லிமீற்றர் இழை 56 இருக்கும். உறையில் 4 என்று அச்சடித்த ஒரு வயரில் நான் எண்ணியபோது 44தான் இருந்தது. அந்த வயரை எந்தப் பல்லில் வைத்து அழுத்தினாலும் காது நன்றாகப் பிடிக்காது. இப்போது புதுச் சுருள் வாங்கினால் முதலில் இழை எண்ணுவேன், பிறகு இரண்டு மூட்டு அழுத்தி இழுத்துப் பார்ப்பேன், அதன் பிறகுதான் தோட்டத்துக்குப் போவேன்.

குறட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். அச்சைப் பிடிக்கும் ஸ்குறூக்கள் தானாக இளகும். இளகினால் இரண்டு பாதியும் கோணி, காது ஒரு பக்கம் சாயும். மாதம் ஒரு தரம் இறுக்குகிறேன். சோளகக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களில் வேலை முடிந்ததும் தூரிகையால் தட்டி, சுழல் ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன், அச்சை மட்டும் துடைத்துக் காயவைக்கிறேன். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பின் அழுத்தினால் மணிக்கட்டு வலிக்கும், அதற்கு வழியில்லை. மற்றப்படி விலைக்கு நல்ல சாமான். ஈயம் வைத்து ஒட்டுகிற ஆட்களுக்கும் குறட்டால் அழுத்தத்தான் சொல்வேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும். பிறகு காற்றில் ஆடி ஆடி, ஈயம் முடியும் இடத்தில் வயர் முறியும்.

அந்தக் கச்சான் தோட்டத்துக்குப் பிறகு, முதல் வருடம் நான் பூட்டிய பம்புகளின் பட்டியலை எடுத்தேன். மொத்தம் பதினேழு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போய், காசு வாங்காமல் மூட்டுகளை வெட்டிப் புதுப் பின் அழுத்திக் கொடுக்கிறேன். பதினான்கு முடிந்துவிட்டது. மாரி தொடங்க முன்னர் மற்ற மூன்றையும் முடிக்க வேண்டும்.