முதல் இதழிலேயே பிடிப்பு இருக்கிறதா? 2024-25இல் தொடங்கிய நான்கு தொடர்கள்

மாத இதழாக வரும் காமிக்ஸில் வலப்பக்கத்தின் கடைசிப் படக்கட்டத்துக்குத்தான் வேலை அதிகம். அது தாளைப் புரட்ட வைக்க வேண்டும், புரட்டியதும் அதற்கு ஈடான ஒன்று கண்ணில் அறைய வேண்டும்.

இந்த வித்தையை 'அப்சலூட் பேட்மேன்' (2024 அக்டோபர்) நன்றாகவே அறிந்திருக்கிறது. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிரகோட்டா. பேட்மேனாகும் இந்த புரூஸ் வெய்னுக்கு, வழக்கமான கதையில் வரும் மாளிகையும் கிடையாது, பரம்பரைச் சொத்தும் கிடையாது. அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா உயிரோடு இருக்கிறார். அதனால் ஆயுதமெல்லாம் உடையிலேயே இருக்கிறது: நெஞ்சிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி. பேச்சுக் காட்சிகளைச் சின்னஞ்சிறு கட்டங்களாக நெருக்கி அடுக்கும் டிரகோட்டா, பேட்மேன் இறங்கும் இடத்தில் பக்கத்தை அகலத் திறந்துவிடுகிறார். முந்தைய நெருக்கம் இல்லாவிட்டால் அந்த உருவம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. கைபேசியில் கட்டம் கட்டமாகத் தள்ளிப் படித்தால் இந்த அளவு வித்தியாசமே அழிந்துபோகும். முழுப் பக்கமாக வைத்துப் படியுங்கள். ஒரே குறை, ஆல்ஃப்ரட் என்ற பாத்திரம் பேசும் விவரிப்புப் பெட்டிகள். படம் சொல்லி முடித்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்கின்றன.

நான்கில் சிறந்தது 'அப்சலூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' (2025 மார்ச்). டெனிஸ் கேம்ப் எழுத, ஹாவியர் ரொட்ரிகெஸ் வரைந்து, வண்ணமும் தானே தீட்டியிருக்கிறார். குண்டுவெடிப்பில் பிழைத்த எஃப்.பி.ஐ. அதிகாரி ஜான் ஜோன்ஸுக்குப் பிறர் எண்ணங்கள் வண்ணப் புகையாகத் தெரியத் தொடங்குகின்றன. கோடு போடுகிறவரும் நிறம் தீட்டுகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்திருந்தால் அந்தப் புகை வெறும் அலங்காரமாக நின்றிருக்கும். இங்கே கதையையே அதுதான் நகர்த்துகிறது. முதல் வாசிப்பில் தலை சுற்றும். இரண்டாம் முறை வசனத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பின்தொடருங்கள், யார் மனதில் என்ன ஓடுகிறது என்பது பிடிபடும்.

ஜோனதன் ஹிக்மன், மார்கோ செக்கெட்டோ கூட்டணியின் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' (2024 ஜனவரி) ஒரு குடும்பக் கதை. ஸ்பைடர்மேனாகப்போகும் பீட்டருக்கு மனைவி, இரண்டு குழந்தைகள். பென் மாமாவும் உயிரோடு இருக்கிறார். சிலந்தி கடிப்பதே முடிவில்தான். சண்டைக்காக வாங்குகிறவர்கள் இரண்டாம் இதழையும் சேர்த்து எடுங்கள்.

திகிலுக்கு 'எபிடாஃப்ஸ் ஃப்ரம் தி அபிஸ்' (2024 ஜூலை). 1950களில் கொடிகட்டிப் பறந்த ஈசி (EC) காமிக்ஸ் பதிப்பகத்தின் பெயரை ஓனி பிரஸ் பதிப்பகம் மீட்டுக் கொண்டுவந்த குறுங்கதைத் தொகுப்பு. இந்த வகைக் கதைகள் கடைசித் திருப்பத்தை நம்பியே நிற்பவை. ஒரே மூச்சில் படித்தால் அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.