பக்திவிருத்தியா, கட்டியெழுப்புதலா?

போன வருடம் எங்கள் வீட்டுக்கூட்டத்தில், பைபிளில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமான (கடிதமான) ஒன்று கொரிந்தியரைப் படிக்க ஆரம்பித்தோம். வாரம் இரண்டு பக்கம் குறிப்பு எழுதி நகல் எடுத்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஏழு அதிகாரம் சிக்கலில்லாமல் போயிற்று. எட்டாவதில் கை நின்றுவிட்டது. 'ஒய்க்கொதொமே' என்ற கிரேக்கச் சொல்லையும் அதன் வினையையும் தமிழில் எப்படிச் சொல்வது? 1871 முதல் நம் வாயில் புழங்கும் பழைய திருப்புதலின், அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பின், 'பக்திவிருத்தி'யா, பிற்கால மொழிபெயர்ப்புகளில் தலைகாட்டும் 'கட்டியெழுப்புதலா'? மூன்று வாரம் இழுத்தடித்து, கடைசியில் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தேன்.

ஒய்க்கோஸ் என்றால் வீடு. அதோடு கட்டுதல் சேர்ந்தால் ஒய்க்கொதொமே. முழுக்க முழுக்கக் கொத்தனார் வேலைச் சொல். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 18 இடத்தில் வருகிறது. அதில் மூன்று, சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டி வியக்கும் காட்சியில் (மத்தேயு 24, மாற்கு 13). அங்கே அது அசல் கல்லும் சுவரும்தான். மீதி 15 இடமும் பவுலின் பெயரில் உள்ள நிருபங்களில்.

பக்திவிருத்தியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழகிய சொல், வாசிக்கும்போது ஓசை நன்றாக விழும், ஜெபத்தில் தானாக வாயில் வரும். 'சகலமும் பக்திவிருத்திக்கேதுவாகச் செய்யப்படக்கடவது' என்று வாசிக்கும்போது இருக்கிற கம்பீரம் புதிய மொழிபெயர்ப்பு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் கிரேக்கச் சொல்லில் பக்தி கிடையாது. பக்திக்குக் கிரேக்கத்தில் 'எயுசெபெய்யா' என்று தனிச்சொல் இருக்கிறது. பழைய திருப்புதலே அதை 'தேவபக்தி' என்று சரியாகப் பெயர்த்திருக்கிறது. ஒய்க்கொதொமேயில் பக்தியைச் சேர்த்ததால் என்ன ஆயிற்று என்றால், சொல் ஒரு ஆளின் நெஞ்சுக்குள் போய்விட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா, "நேத்து ராத்திரி அந்தப் பாட்டைக் கேட்டேன், ரொம்பப் பக்திவிருத்தியா இருந்துச்சு" என்பார். தப்பில்லை, நம் ஊர் வழக்கு அது. பவுல் பேசுவது வேறு. நீ செய்ததால் பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவர் கேள்வி.

சரி, இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று: அந்தத் தமிழ்ச் சொல்லை பவுல் பயன்படுத்திய எல்லா இடத்திலும் வைக்க முடிகிறதா?

ரோமர் 14-ஐ எடுங்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று விசுவாசிகளுக்குள் எழுந்த சச்சரவைப் பற்றிய அதிகாரம். 19-ஆம் வசனத்தில் 'அந்நியோந்நிய பக்திவிருத்தி'யை நாடுவோம் என்கிறார். அடுத்த வசனத்திலேயே 'போஜனத்தினிமித்தம் தேவனுடைய கிரியையை அழித்துப்போடாதே' என்கிறார். தமிழில் இரண்டும் இரண்டு தனி அறிவுரைபோல் நிற்கின்றன. கிரேக்கத்தில் முதலாவது கட்டுவது, இரண்டாவது இடிப்பது. அந்த இடிப்புச் சொல், தேவாலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்று இயேசு சொன்ன அதே வினை. ஒருவர் கட்டிக்கொண்டிருக்கும் சுவரை இன்னொருவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இடிக்கிறார் என்பதுதான் படம். பக்திவிருத்திக்கு எதிர்ச்சொல் என்ன? யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கட்டுவதற்கு எதிர்ச்சொல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்து ஒன்று கொரிந்தியர் 8. இதுதான் என் குறிப்பை நிறுத்திய இடம். முதல் வசனம்: 'அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்.' இறுமாப்பு என்று பெயர்த்த வினை, துருத்தியால் ஊதி உப்ப வைப்பதோடு உறவுள்ளது. அறிவும் ஆளைப் பெரிதாக்கும், அன்பும் பெரிதாக்கும். ஒன்றில் உள்ளே காற்று, மற்றதில் கல்.

அதை மனதில் வைத்துக்கொண்டு பத்தாம் வசனத்துக்கு வாருங்கள். கொரிந்து நகரத்தில் கோயில் என்றால் விருந்தும் உண்டு. அங்கே நடந்த அகழாய்வில், நோய் தீர்க்கும் கிரேக்கக் கடவுளான அஸ்கிலேப்பியோஸின் கோயிலை ஒட்டிச் சாப்பாட்டு அறைகளே கிடைத்திருக்கின்றன. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று 'தெரிந்த' விசுவாசி ஒருவன் போய்ப் பந்தியில் உட்காருகிறான். மனச்சாட்சி பலவீனமான இன்னொருவன் அதைப் பார்க்கிறான். பழைய திருப்புதல், அவனுடைய மனச்சாட்சி படைக்கப்பட்டதைப் புசிக்கத் 'துணிவுகொள்ளுமல்லவா' என்று கேட்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது அதே ஒய்க்கொதொமே வினைதான்! பவுல் குத்திக் காட்டுகிறார்: ஆகா, நன்றாகக் கட்டியெழுப்பினாய் போ, விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்கிற அளவுக்கு அவனைக் கட்டிவிட்டாயே!

1871-இல் உட்கார்ந்து திருத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது. 'விக்கிரகப் படையலைப் புசிக்கும்படி பக்திவிருத்தியடையும்' என்று எந்த மனுஷன் எழுதுவான்? பக்தி என்ற நல்ல சொல் கேலிக்கு வளையாது. அதனால் அவர்கள் வேறு சொல்லுக்குப் போனார்கள், பவுலின் கேலி காணாமல் போயிற்று. கட்டுவது அப்படியல்ல. நல்ல வீட்டையும் கட்டலாம், புறம்போக்கிலும் கட்டலாம்.

இன்னொரு வேடிக்கை, அதே பழைய திருப்புதலின் கையில் கட்டட வேலைச் சொற்கள் தாராளமாக இருந்தன. ஒன்று கொரிந்தியர் 3-இல் நீங்கள் 'தேவனுடைய மாளிகை' என்கிறது, பவுலைச் 'சிற்பாசாரி' என்கிறது. இரண்டு கொரிந்தியர் 13:10-க்கு வந்தால் 'இடித்துப்போட' அல்ல, 'ஊன்றக்கட்டவே' அதிகாரம் பெற்றேன் என்று பவுல் சொல்கிறார். ஊன்றக்கட்டு! எவ்வளவு அருமையான தமிழ். மூன்றாம் அதிகாரத்தை நடத்திய அன்று, கூட்டத்தில் இருந்த வயதான கொத்தனார் ஒருவர், "ஒருத்தர் போட்ட அஸ்திவாரத்துல இன்னொருத்தர் வந்து கட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல தம்பி. மொதல்ல அவர் மட்டம் பாத்துருக்காரான்னு நாம பாக்கணும்" என்றார். பக்திவிருத்தி என்று எழுதியிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கட்டியெழுப்புதலிலும் சங்கடம் உண்டு. நாட்டைக் கட்டியெழுப்புவோம், கட்சியைக் கட்டியெழுப்புவோம் என்று மேடையில் அடித்துத் துவைத்த சொல் அது. சுருக்கி வெறும் 'கட்டு' என்று போட்டால் கதை இன்னும் மோசம். தமிழில் கட்டுவது கயிற்றாலும் நடக்கும். 'ஒருவரையொருவர் கட்டுங்கள்' என்று முதல் குறிப்பில் எழுதிவிட்டு, அடுத்த வாரம் இளைஞர்களிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம்தான் 'எழுப்பு' அங்கே ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஊன்றக்கட்டுதலை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. விளக்கம் சொல்லாமல் யாருக்கும் விளங்காது என்பதால் விட்டுவிட்டேன்.

'வளர்ச்சி' என்றும் சிலர் போடுகிறார்கள். எளிய சொல்தான். ஆனால் நடுவதும் நீர்ப்பாய்ச்சுவதும் விளையச் செய்வதும் என்று பவுல் வயலை வைத்துத் தனியாகப் பேசியிருக்கிறார். வளர்ச்சி என்றால் கட்டடமும் வயலுக்குள் போய்விடுகிறது. கட்டடம் தானாக வளராது, யாராவது சாந்து சுமக்க வேண்டும்.

என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும் இடம் ஒன்று கொரிந்தியர் 14:4. அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் வரும், கேட்பவர்களுக்கு விளங்காத பேச்சில், பேசுகிறவன் தன்னையே கட்டுகிறான் என்று பவுலே சொல்கிறார். அதாவது, சொல் தனி ஆளுக்கும் பொருந்தும். அவர் அதைப் பழிக்கிறாரா, ஒத்துக்கொண்டு சபையை அதற்கு மேலே வைக்கிறாரா என்பதில் இரண்டு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு. இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். அந்நியபாஷை வாராவாரம் ஒலிக்கிற சபையில் இந்தக் குறிப்பை நடத்தியிருந்தால் வேறு கேள்விகள் வந்திருக்கும். நான் நடத்தியது பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற ஒரே ஒரு குழுவில்தான்.

இப்போது குறிப்புகளில் எல்லா இடத்திலும் கட்டியெழுப்புதல்தான். 8:10-இல் மட்டும் ஒரு ஆச்சரியக்குறி சேர்த்திருக்கிறேன். எபேசியர் 4:29 ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம். 'பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை உண்டானால் அதையே கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்' என்று என் மகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவாள். அதில் நான் கை வைக்கவில்லை. வேறு வார்த்தை போட்டால் பரிசு போய்விடும்.