தகட்டில் 5500, இன்ஜினில் 170எஃப்: வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்க நினைக்கிறவர்கள், அதிலும் வீட்டில் நோயாளி இருப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு விற்றவர் பணத்தில் மட்டும் ஏமாற்றவில்லை. மூன்று விதமாக உயிர் போகக்கூடிய வேலையைச் செய்துவிட்டு, சிரித்த முகத்தோடு காசு வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்பு. இடியும் காற்றும் வந்து கம்பியில் மரம் சாய்ந்தால் கரண்டு போய்விடும். மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் 15454க்கு அழைத்துப் புகார் கொடுத்தாலும், தோட்டத்துக்குள் எங்கே மரம் விழுந்தது என்று தேடிப் பிடித்துச் சரிசெய்ய நேரம் ஆகத்தான் செய்யும். அம்மாவுக்கு மூச்சுத் தொல்லை முற்றி, வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்டு மெஷின்) வைத்த பிறகு அந்த நேரத்தைச் சும்மா காத்திருந்து கழிக்க முடியாது. அதனால்தான் ஜெனரேட்டர்.

பட்டணத்துக் கடையில் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். அம்மாவின் மெஷின், இன்சுலின் இருக்கும் ஐஸ்பெட்டி, தண்ணீர் பம்ப், அம்மா அறையில் ஒரு குதிரைசக்தி ஏர்கான், விளக்கு, காற்றாடி. கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டி, "அக்கா, இது 5500 வாட். வீடு முழுக்க ஓடும், கவலையே வேணாம்" என்றார். 3,200 வெள்ளி (ரிங்கிட்). பொருத்திக் கொடுக்கும் கூலியும் அதில் சேர்த்தி.

பொருத்த வந்த பையன் ஜெனரேட்டரைப் பின்கட்டில், கூரைக்குக் கீழே, அம்மா அறை ஜன்னலை ஒட்டி வைத்தான். மழையில் நனையாதாம். அப்புறம் இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சமையலறைச் சுவிட்சிலும் செருகினான். "கரண்டு போனா மெயினை இறக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, அவ்வளவுதான்" என்றான். மெயின் சுவிட்ச் பெட்டியை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் புயல் மழையிலேயே வண்டவாளம் தெரிந்தது. மெஷினும் ஐஸ்பெட்டியும் ஓடின. ஏர்கான் கம்ப்ரஸர் பிடித்த நொடியில் விளக்கெல்லாம் மங்கி, இன்ஜின் முக்கித் திணறி, மறுபடி சீறியது. அம்மாவின் மெஷின் அலறியது. நல்லவேளையாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கைவசம் இருந்ததால் உடனே மாற்றினோம். ஐஸ்பெட்டியின் போர்டு அன்றைக்கே போனது. இதற்குள் அறையெல்லாம் புகை. அம்மாவை அப்படியே முன்ஹாலுக்கு நகர்த்தினோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் தெனாகா குத்தகைக்காரரிடம் கம்பி வேலை பார்ப்பவர். மறுநாள் வந்து அந்த இரண்டு தலை வயரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "தங்கச்சி, நாங்க மேலே ஏறி நிக்கிறப்போ மெயினை இறக்க மறந்து இதைப் போட்டா, நான் பொணமாத்தான் கீழே வருவேன்" என்றார். காரணத்தையும் விளக்கினார். நம் வீட்டு 230 வோல்ட் தெரு வயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கமாகப் போனால், அது அங்கே 11,000 வோல்ட்டாக ஏறிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி வேலை செய்கிறவர்மேல் அது பாயும். வீட்டுக்குள்ளும் ஆபத்துதான். ஜெனரேட்டர் ஓடும்போது சுவிட்சிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முனையில் முழு மின்சாரம் இருக்கும். ஒரு குழந்தை கைவைத்தால் போதும்.

அந்த அண்ணன் சொல்லி வந்த வயர்மேன்தான் அடுத்த குட்டையும் உடைத்தார். ஒட்டியிருந்த தகட்டை அவர் பொருட்படுத்தவே இல்லை. குனிந்து இன்ஜின் உடம்பில் குத்தியிருந்த எழுத்தைத் துடைத்துக் காட்டினார்: 170எஃப். சீனத் தயாரிப்புச் சிறிய இன்ஜின்களில் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் 1 என்றால் ஒரு சிலிண்டர். அடுத்த 70 என்பது சிலிண்டர் குழாயின் உள்விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றில் குளிரும் வகை. 170எஃப் கிட்டத்தட்ட 212 சிசி. அதால் தொடர்ந்து தர முடிந்தது இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்று கிலோவாட். உண்மையில் 5 கிலோவாட் வேண்டுமென்றால் 188எஃப் அளவு, அதாவது 389 சிசி போல இருக்க வேண்டும். தகட்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம், வார்ப்பில் குத்திய எண்ணை அப்படி மாற்ற முடியாது. ஜப்பான் கம்பெனிகள் வேறு எண் முறை வைத்திருப்பார்கள். அங்கே சிசி எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அது மேக்ஸிமம் பவர் அக்கா" என்றார். மேக்ஸிமம் என்பது சில நொடி தாங்கும் அளவு. நமக்கு வேண்டியது ரேட்டட், அதாவது மணிக்கணக்கில் தரும் அளவு. எங்கள் பெட்டி அந்த மேக்ஸிமத்தைக்கூடத் தொடாது என்பது வேறு விஷயம். சிலர் கே.வி.ஏ. கணக்குச் சொல்லி எண்ணைப் பெரிதாக்குவார்கள். கிலோவாட்டில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எங்கள் ரசீதில் "ஜெனரேட்டர் 1" என்று மட்டும்தான் இருந்தது, மாடல் இல்லை, வாட் இல்லை. பெட்டியில் 5500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த படம் கைத்தொலைபேசியில் இருந்ததால்தான் பிறகு பேச முடிந்தது.

மோட்டார் உள்ள சாமான்கள் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும். பழைய வகை ஒரு குதிரைசக்தி ஏர்கான் ஓடும்போது 800, 900 வாட் போல எடுக்கும், பிடிக்கும் நொடியில் அதன் பல மடங்கு. இன்வெர்ட்டர் ஏர்கான் மெதுவாக ஏறும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. குளியலறை வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட், அதை ஜெனரேட்டரில் போடும் எண்ணமே வேண்டாம். விற்பவர் இந்தக் கணக்கைக் கேட்காமலே "வீடு முழுக்க ஓடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் செய்திருப்பது இது. வயர்மேன் அவசியமான லைன்களை மட்டும் பிரித்து, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டார். ஒரு பக்கம் தெனாகா, ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்காது, அப்படியிருந்தால் ஷாக் அடித்தாலும் கரண்டைத் துண்டிக்க வேண்டிய ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழாமல் போகலாம். அதையும் எர்த் கம்பி அடித்து, அதோடு இணைத்துச் சரிசெய்தார். வேலை முடிந்ததும் போராங் ஜி (வேலை முடிந்த சான்றிதழ்ப் படிவம்), போராங் எச் (சோதனைச் சான்றிதழ்ப் படிவம்) இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது அரசாங்க எரிசக்தி ஆணையத்தில், பதிந்த வயரிங் குத்தகைக்காரர் என்றால் இந்தத் தாள்களைத் தயங்காமல் கொடுப்பார். தயங்கினால் அவர் சரியான ஆள் இல்லை.

புதிய ஜெனரேட்டர் வீட்டைவிட்டு 20 அடி தள்ளி, சின்னக் கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் திறந்தபடி நிற்கிறது. புகைக்குழாய் தோட்டப் பக்கம் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புகை நெடி இல்லையே என்று நம்பி ஜன்னலோரம், கார் போர்ச்சில், பின்கட்டில் வைக்காதீர்கள். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. கரண்டு போவதற்கும் ஜெனரேட்டர் பிடிப்பதற்கும் நடுவில் உள்ள நிமிடங்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அதை எந்த ஜெனரேட்டரும் ஈடுசெய்யாது.

பணத்துக்கு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போராங் 1 என்ற கோரிக்கைப் படிவம் போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். சொன்னதற்கு மாறான பொருளை விற்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது. விசாரணைத் தேதி வந்ததும் கடைக்காரர் ஜெனரேட்டர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஐஸ்பெட்டி போர்டு செலவு மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.

அதே 5500 பெட்டி நம் வட்டாரத்தில் வேறு வீடுகளிலும் இருக்கலாம். இருந்தால் இன்றைக்கே இன்ஜின் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். இரண்டு தலை வயர் கொடுத்திருந்தால், முதலில் ஒரு தலையை வெட்டி எறியுங்கள். ரசீதும் பெட்டியின் படமும் பத்திரமாக இருக்கட்டும். போராங் 1 நிரப்பத் தெரியாதவர்கள் கேளுங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.