அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை: எனக்கு மரபணுப் பரிசோதனையா, எச்பிஏ1சி-யா?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் முப்பது வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை.

செலவு: மரபணுவுக்குப் பல ஆயிரம் ரூபாய். எச்பிஏ1சி-க்குச் சில நூறு.

எத்தனை முறை: மரபணுவுக்கு ஒருமுறை போதும். எச்பிஏ1சி ஆண்டுதோறும்.

என்ன தெரியும்: டைப் 2 சர்க்கரையில் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்களுக்குப் பங்குண்டு; ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் தள்ளும். தொப்பை, உட்கார்ந்தே செய்யும் வேலை, தட்டில் குவியும் சோறு எல்லாம் சேர்ந்துதான் மீதித் தூரம் தள்ளுகின்றன. அதனால் மரபணு அறிக்கை வாய்ப்பை மட்டுமே சொல்லும். எச்பிஏ1சி இன்றைய நிலையைச் சொல்லும்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் நடையும் உணவுக் கட்டுப்பாடும் நிஜமாகவே உதவும்.

பெரும்பாலானோருக்கு எச்பிஏ1சி-யே சரி. 25 வயதுக்குள், ஒல்லியான உடம்பில், தலைமுறை தவறாமல் சர்க்கரை வருகிறதா? அது ஒற்றை மரபணுவால் வரும் ‘மோடி’ (MODY) எனும் சர்க்கரை வகையாக இருக்கலாம். அங்கே மரபணுப் பரிசோதனை மருந்தையே மாற்றக்கூடும், மருத்துவரிடம் கேளுங்கள்.