பீட்லெட்டா, ப்ளூமோஸா?

பிரிட்டன் கரையில் குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் உயிர்கள் வளர்ப்பவர்கள் தயங்குவது, பூப்போல் விரியும் கடல் விலங்குகளான இந்த இரு கடல் சாமந்திகளுக்கு இடையில்தான்.

கிடைப்பது: பீட்லெட் நீர் வடிந்த பாறைகளிலேயே சிவப்பு ஜெல்லிபோல் ஒட்டியிருக்கும். நகத்தால் பெயர்த்தால் அடிப்பாகம் கிழியும்; சிறு கல்லோடு எடுங்கள். ப்ளூமோஸ் பெரும்பாலும் ஆழத்தில், துறைமுகத் தூண்களில்.

செலவு: பீட்லெட் வெப்ப ஏற்றத்தாழ்வைத் தாங்கும். ப்ளூமோஸுக்குக் கோடையில் குளிரூட்டி தேவை, பர்ஸ் கரையும்.

தீனி: முன்னதற்கு வாரம் ஓரிரு இறால் துண்டுகள். பின்னதற்கு அடிக்கடி நீரில் மிதக்கும் நுண்ணிய உணவு. தண்ணீர் விரைவில் கெடும்.

ஆயுள்: 1828-இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் ஜான் டேலியல் எடுத்துவந்த ‘கிரானி’ என்ற பீட்லெட், எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. வளர்த்த டேலியலே அதற்கு முந்தி இறந்துவிட்டார்!

அழகில் வெள்ளை இறகுக்கொத்தான ப்ளூமோஸுக்கே என் ஓட்டு. ஆனாலும் முதல் தொட்டிக்குப் பீட்லெட். குளிரூட்டியும் பொறுமையும் உள்ளவருக்கு ப்ளூமோஸ்.